வழி சொல்லிக் கூட்டி வந்தவள்

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவளுக்குப் பரீட்சை நேரத்தில் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனாலும் அவள் கேட்டதும் தலைமையாசிரியர் மறுபேச்சில்லாமல் தலையாட்டிவிட்டார். "என்னம்மா விசேஷம்?" என்று மட்டும் கேட்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணு ஒருத்தி வெளியூர்ல இருக்கா சார். கூட்டிட்டு வரணும்."

பொய்யில்லை. அந்தப் பெண் செத்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை.

அவளுடைய ஜனங்கள் ஒரு காலத்தில் ஆற்றின் மேல்கரைக் காட்டில் இருந்தவர்கள். மண்டை ஓட்டை அளந்து மனிதரைத் தரம் பிரிக்கலாம் என்று நம்பிய ஒரு வைத்தியர், அந்த நாளில் அங்கே கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறார். ஊர் அசந்த நேரத்தில் இடுகாட்டைத் தோண்டி, அகப்பட்டதை மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த மூட்டை கைமாறிக் கைமாறித் தலைநகரத்து அருங்காட்சியகத்தில் போய்ச் சேர்ந்தது. பிறகு அணை வந்தது. காடும் ஊரும் இடுகாடும் தண்ணீருக்குள் போயின. மிஞ்சிய குடும்பங்களை அரசாங்கம் நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு காலனி கட்டிக் குடிவைத்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது. தம்பி காலனியில்தான் பிறந்தான்.

அந்தத் தம்பிதான் இப்போது காலனிச் சங்கத்தின் தலைவர். மேடையில் மட்டுமில்லை, வீட்டில் சோறு போடும்போதுகூட அவனை எல்லோரும் 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். அருங்காட்சியகத்தில் தங்கள் ஜனத்து எலும்புகள் இருப்பதை எப்படியோ மோப்பம் பிடித்து, வருஷக்கணக்கில் நடையாய் நடந்து, கடைசியில் தருகிறோம் என்று சொல்ல வைத்துவிட்டான். பெண் ஒருத்தியின் எலும்புகள் என்று மட்டும் அவர்கள் எழுதியிருந்தார்கள். சங்கத்து வேன் தயார். மாலை தயார். காலனியில் பந்தலும் மைக்கும் தயார். ஒன்றே ஒன்றுதான் தயாராகவில்லை. வழி சொல்ல ஆள் இல்லை.

வெளியூரில் செத்தவரை அவர்கள் சும்மா தூக்கி வந்துவிடுவதில்லை. தூக்கி வருகிறவர்களில் ஒருவர் பிணத்தின் பக்கத்திலேயே நடந்து, வீடு வரைக்கும் வழி சொல்லிக்கொண்டே வரவேண்டும். இது பாறை, இது ஓடை, இங்கே இடது கைப் பக்கம் திரும்பு என்று. சொல்லாவிட்டால் உடம்பு மட்டும்தான் வீடு வரும். செத்தவர், சந்தையில் அம்மாவைத் தொலைத்த பிள்ளை மாதிரி, கிடந்த இடத்திலேயே நின்றுகொண்டிருப்பார். இதை அவர்கள் பாஷையில்தான் சொல்லவேண்டும். அந்தப் பாஷையைத் தடுமாறாமல் பேசக்கூடியவர்கள் என்று காலனியில் மிஞ்சியிருந்தது சித்தப்பாவும் இன்னும் சில வயசாளிகளும்தான். அவர்களில் பயணம் செய்யத் தெம்பிருந்தவர் சித்தப்பா ஒருவர். அவர் மாட்டேன் என்றுவிட்டார்.

கிளம்புவதற்கு முதல் நாள் அக்காவும் தம்பியும் அவர் வீட்டுக்குப் போனார்கள். அவர் வாசலில் சைக்கிள் ட்யூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, கடைசியாக் கேக்கறேன்," என்றான் தம்பி. "நீங்க வந்தாதான் முறையா இருக்கும்."

"என்ன முறை?" அவர் தலை நிமிரவில்லை. "தூக்கிட்டுப் போனவளைத் திருப்பி வாங்கறதுக்கு நம்மகிட்ட முறையே கிடையாதுடா. அப்படி ஒருத்தரும் திரும்பி வந்ததில்ல. சரி, வரேன்னே வெச்சுக்க. எந்த ஊருக்கு வழி சொல்லச் சொல்ற? தண்ணிக்கு அடியிலயா?"

"காலனிக்குச் சொல்லுங்க."

"காலனி அவ ஊரா?" அவர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். "அவளைக் கூட்டிட்டு வந்து, ஓட்டு வீட்டு வரிசையக் காட்டி, இதான் வீடுன்னு சொல்றதுக்கு என் நாக்கு புரளாது. போங்க."

திரும்பி வரும்போது தம்பி, "நீ சொல்லுக்கா," என்றான்.

"எனக்கு என்னடா தெரியும்? நான் வண்டி ஓட்டத்தான் வரேன்."

அவளுக்குத் தெரிந்த பாஷை ஏழு வயதோடு நின்றுபோனது. அணை கட்டிய வருஷமே அவளைத் தூரத்து ஹாஸ்டலில் சேர்த்தார்கள். அங்கே அந்தப் பாஷையில் வாய் திறந்தால் சாப்பாட்டு நேரத்தில் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும். வயிறு சொன்னதை வாய் கேட்டது. விடுமுறைக்கு வந்தபோது அப்பா கேட்டதற்கு டவுன் பாஷையில் பதில் சொன்னாள். அப்பா கோபப்படவில்லை. அதற்கப்புறம் அவளிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவர் சாகும்போதும் அவர் சொன்னதில் பாதி அவளுக்குப் புரியவில்லை.

அருங்காட்சியகத்தின் காப்பாளர் ஓய்வு பெறும் வயதில் இருந்த ஒரு அம்மாள். கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். அவரே கீழ்த்தளத்துக்கு அழைத்துப் போனார். மேலே ஜனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வேடிக்கை பார்க்கிற சத்தம் கீழே வரவில்லை. குளிர் எலும்பைத் தொட்டது. இரும்பு அலமாரிகள், தட்டுத் தட்டாகச் சாம்பல் நிற அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் ஒரு எண், ஒரு தீவின் பெயர், ஒரு பாலைவனத்தின் பெயர், அவள் கேள்விப்பட்டேயிராத ஏதோ ஒரு ஜனத்தின் பெயர். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வந்தவர்கள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தார்கள்.

"இவங்களையும் யாராச்சும் கேட்டு வருவாங்களா மேடம்?" என்று கேட்டாள்.

காப்பாளர் நடையைக் குறைத்தார். "சிலருக்கு வருவாங்க. சிலருக்கு நாங்களே தேடி எழுதினோம், பதில் இல்ல." ஒரு தட்டை விரலால் தொட்டார். "இந்த வரிசைக்கு யாரும் வர முடியாது. அந்த ஜனத்துல இப்ப ஒருத்தரும் இல்ல. அவங்க பேசினது என்ன மொழின்னுகூட எழுதி வைக்கல. எண் மட்டும்தான் இருக்கு."

அவள் அந்த வரிசையைத் தாண்டும்போது, தூங்குகிறவர்கள் நடுவே போவதுபோல் அடியை மெதுவாக வைத்தாள்.

கோடியில் ஒரு சின்ன அறை. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். தம்பி முன்னால் போனான். போனவன் அப்படியே நின்றுவிட்டான். அவன் தோளுக்கு மேலாக அவள் எட்டிப் பார்த்தாள். முழு எலும்புக்கூடு இல்லை. மண்டை ஓடு, தாடை, சில நீள எலும்புகள். ஓட்டின் நெற்றியில் கறுப்பு மையால் ஒரு எண் எழுதியிருந்தது. காகிதத்தில் இல்லை, எலும்பிலேயே.

"அழிக்கப் பார்த்தோம்," என்றார் காப்பாளர் தணிந்த குரலில். "மை உள்ள ஊறிப்போயிருக்கு. இதுக்கு மேல சுரண்டினா எலும்பு போயிடும். மன்னிச்சுக்குங்க."

"என்ன வயசு?"

"பல்லைப் பார்த்தா பதினாறு, பதினேழு. சின்னப் பொண்ணு."

தம்பி சட்டைப்பையிலிருந்து தயாரித்து வந்த உரையை எடுத்தான். ஒரு வரி வாசித்தான். மடித்து மறுபடியும் பையில் வைத்துக்கொண்டு, "அப்புறம் பேசிக்கலாம்," என்றான். மேடை கண்டால் விடாதவன் அவன்.

"உங்க வழக்கப்படி ஏதாவது செய்யணும்னா செய்யுங்க, அவசரமில்ல," என்று சொல்லிக் காப்பாளர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செய்வதற்கு எதுவும் தெரியவில்லை. வயதான பாட்டி ஒருத்தியாக இருப்பாள், கும்பிட்டுத் தூக்கிக்கொண்டு வரலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். இதுவோ அவள் பஸ்ஸில் பின் வரிசைக்குச் சண்டை போடுகிற பிள்ளைகளின் வயது.

"பொம்பளப் பிள்ளடா," என்றாள். "இத்தனை வருஷமா தனியா நின்னிருக்கா."

சொல்லிக்கொண்டே பெட்டியண்டை போனாள். யோசித்துச் சொல்லியிருந்தால் வாய் வந்திருக்காது. தொலைந்துபோன குழந்தையைக் கண்டால் யார் என்றாலும் முதலில் என்ன சொல்வார்களோ அதைச் சொன்னாள். அவர்கள் பாஷையில், 'வா' என்றாள். அது அவளுக்குத் தெரிந்திருந்தது. 'பயப்படாத' என்றாள். அதுவும் தெரிந்திருந்தது. 'கையப் பிடிச்சுக்கோ. வீட்டுக்குப் போலாம்.' ஏழு வயதுப் பிள்ளைக்குப் பெரியவர்கள் சொல்கிற வார்த்தைகள் அத்தனையும் பத்திரமாக அவளுக்குள் இருந்தன. அதற்கு மேல் எதுவும் இல்லை.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு பெட்டியை மூடினான். மாலையை அதன்மேல் போடப் போனவன், வேண்டாமென்று தோன்றி அக்காவிடம் கொடுத்துவிட்டான். பெட்டியை அவனே நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான்.

லிஃப்டுக்கு வந்தார்கள். லிஃப்டுக்கு அவர்கள் பாஷையில் என்ன சொல்வது? 'இது பெட்டி. தானா மேல போகும். பயப்படாத,' என்றாள். 'இது கதவு. இது படிக்கட்டு. வெயில் கண்ணு கூசும்.' வாசலில் காவலாளி அவளை ஒரு மாதிரி பார்த்தார். பார்த்துவிட்டு, கேட்காமலே எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

காப்பாளர் வேன் வரைக்கும் வந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல், "பத்திரமாப் போங்க," என்றார். யாரைச் சொன்னார் என்று மூன்று பேருக்கும் தெரிந்தே இருந்தது.

பெட்டியைப் பின்னால் சாமான் வைக்கிற இடத்தில் வைக்கத் தம்பிக்கு மனசு வரவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தான். அவள் வண்டியை எடுத்தாள்.

ரோடு சொல்வது அவளுக்குப் புதிதில்லை. எந்தத் திருப்பத்தில் எந்த வண்டி மூக்கை நீட்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். ஆனால் கைவசம் இருந்த வார்த்தைகளோ சொற்பம். சிக்னலுக்கு 'சிவப்புக் கண்ணு, நிக்கணும்' என்றாள். மேம்பாலத்துக்கு 'கல்லு மேல போறோம், கீழ ஆளுங்க' என்றாள். வளைவுக்கு வார்த்தை ஞாபகம் வரவில்லை. மடங்குகிற எதற்கும் சின்ன வயசில் என்ன சொல்வோம் என்று யோசித்து, முழங்கை என்றாள். 'இங்க ஒரு முழங்கை. சோத்துக்கைப் பக்கம்.'

"அக்கா," என்றான் தம்பி கூச்சத்தோடு. "நான் எதாவது சொல்லட்டுமா?"

"உனக்கு என்ன தெரியும்?"

"சித்தப்பா திட்டறது தெரியும்."

காலனியில் பிறந்தவனுக்கு அந்தப் பாஷை அவ்வளவுதான் கிடைத்தது. பெரியவர்கள் நல்லது கெட்டது பேசவெல்லாம் டவுன் பாஷைக்கு மாறிவிட்டார்கள். கோபத்துக்கு மட்டும் பழைய பாஷையை வைத்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ஒரு லாரி இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே வெட்டியது. அவள் பிரேக்கை மிதித்தாள். பெட்டி முன்னால் சரிந்தது. தம்பி அதை இறுக்கிப் பிடித்தான். பிடித்த வேகத்தில், தன்னையறியாமல், சித்தப்பாவின் மிகப்பழைய வசவு ஒன்றை ஜன்னல் வழியாக லாரிக்காரன் மேல் வீசினான். லாரிக்காரனின் பாட்டனின் பிறப்பைப் பற்றியது அது.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். தம்பியும் சிரித்தான். அடக்க அடக்கப் பொங்கி வந்தது.

"நான் சொன்னது புரிஞ்சுதோ இல்லையோ," என்றாள் கண்ணைத் துடைத்தபடி, "இது அவளுக்குக் கண்டிப்பாப் புரிஞ்சிருக்கும்."

"நம்மாளுங்கதான்னு இப்பதான் நம்பியிருப்பா."

சுங்கச்சாவடியில் கட்டணம் வாங்கிய பெண், சீட்டை நீட்டிக்கொண்டே, "யார்கூடக்கா பேசிட்டிருக்கீங்க?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டுப் பொண்ணு. ஊருக்குப் புதுசு. வழி சொல்லிட்டுப் போறேன்."

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். தம்பியின் மடியில் பெட்டியைத் தவிர வேறு யாரும் இல்லை. அதன்மேல் அவன் கை இருந்த விதத்தைப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. "பாத்துப் போங்க," என்று தடுப்பைத் தூக்கிவிட்டாள்.

தொழிற்சாலைகள் போயின, வயல்கள் வந்தன, வயல்கள் முடிந்து மேடு ஏறத் தொடங்கியது. பேசிப் பேசி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. சாயங்காலம் அணைக்கு மேலே போகும் ரோட்டுக்கு வந்தபோது வண்டியை ஓரமாக நிறுத்தினாள். ஒரு பக்கம் சிமென்ட் சுவர். இன்னொரு பக்கம், எட்டிய மட்டும் தண்ணீர். காற்றில் அது அலை அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன்கா நின்னுட்ட?"

"இங்க என்னடா சொல்றது?"

தம்பி தண்ணீரைப் பார்த்தான். "சொல்ல வேணாம். காடு இருக்கு, ஊரு இருக்கு, வந்துட்டோம்னு சொல்லிடு. அவளுக்கு எதுக்குக்கா இந்தத் துக்கம்?"

"கண்ணு தெரியாதவங்க கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து, வேற வீட்டுல விட்டுட்டு, இது உன் வீடுதான்னு சொல்றதா?"

"நம்மளுக்கு அப்படித்தானே சொன்னாங்க."

"அதான் வேணாங்கறேன்."

அவள் இறங்கிச் சுற்றி வந்து தம்பியின் பக்கத்துக் கதவைத் திறந்தாள். பெட்டிக்கு நேராகக் குனிந்தாள். துக்கத்தைப் பற்றிப் பேச அவளுக்குப் பாஷை இல்லை. இழப்பு, அநியாயம், அரசாங்கம் எதற்கும் வார்த்தை இல்லை. ஏழு வயதுக்குத் தெரிந்தது 'தண்ணி', தெரிந்தது 'இல்ல'.

'உன் ஊரு இல்ல,' என்றாள். 'தண்ணிக்குள்ள இருக்கு. மரம் இல்ல. பாறை இல்ல. உன் அம்மா இருந்த இடம் இல்ல. எல்லாம் தண்ணி.' பெட்டியின் மேல் கை வைத்தாள். 'நாங்க இருக்கோம். மேல இருக்கோம். எங்ககூட இரு.'

தம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அக்கா சொன்னதில் 'தண்ணி'யும் 'இருக்கோம்' என்பதும் அவனுக்குப் புரிந்தன. மற்றது புரியவில்லை; கேட்கவும் இல்லை. அணைக்காவலர் ஒருவர் விசில் ஊதி, இங்கே நிறுத்தக்கூடாது என்று கை காட்டினார். அவள் கை உயர்த்திக் காட்டிவிட்டு வண்டியில் ஏறினாள்.

காலனி முகப்பில் பந்தல் போட்டு, நாற்காலி வரிசை போட்டு, விளக்குக் கட்டி வைத்திருந்தார்கள். வட்டார அதிகாரிகள் வந்திருந்தார்கள். கேமரா தூக்கியவர்கள் வேனை மொய்த்தார்கள். தம்பி இறங்கினான். வழி விட்டவர்கள் அவன் மேடைக்குப் போவான் என்றுதான் வழி விட்டார்கள். அவன் மைக் செட்காரரிடம் போய், "அண்ணே, அதை அணைச்சிடுங்க," என்றான். அவர் காதில் விழாதவர்போல் பார்த்தார். "நிஜமாத்தாண்ணே. அவ வழி கேட்டுட்டு வந்திருக்கா. சத்தத்துல வழி தவறிடப் போறா."

அக்கா முன்னால் நடந்தாள். 'இது தெரு. இது குழாயடி. இங்க ஒரு முழங்கை. இது என் தம்பி வீடு. இதுல நாய் இருக்கு, கடிக்காது.' காலனியின் கோடியில், தண்ணீர் தெரிகிற சரிவில் குழி வெட்டியிருந்தார்கள். பின்னால் ஜனங்கள் வந்தார்கள். எவரும் பேசவில்லை. வயசான பெண்களில் ஒருத்தி மட்டும், அக்கா ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அதையே முணுமுணுப்பாகத் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். குழியண்டை வந்தபோது ஏழெட்டுக் குரல்கள் இருந்தன. அக்கா 'வந்துட்டோம்' என்றாள். அவர்களும் 'வந்துட்டோம்' என்றார்கள்.

மண்ணைத் தள்ளிய பிறகு அவள் பந்தலுக்குத் திரும்பினாள். பந்தலில் ஆளுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே வயசாளிகளுக்குள் ஏதோ தகராறு. நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர்கள் பாஷையிலேயே உரத்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். காலனிக்கு வந்தபின் இத்தனை பேர் ஒன்றாக உட்கார்ந்து அந்தப் பாஷையில் பேசி அவள் பார்த்ததில்லை. அவர்களில் ஒருவரை விசாரித்துவிட்டு வந்த தம்பியிடம், என்ன விஷயம் என்று கேட்டாள்.

"நீ முழங்கைன்னு சொன்னியாம். வளைவுக்கு அது இல்லையாம். ஒரு கிழவி ஒரு வார்த்தை சொல்லுது. அது ஆத்து வளைவுக்குத்தான், பாதைக்கு வேறங்குது இன்னொண்ணு. அதுலதான் அடிதடி."

சித்தப்பா அந்த வட்டத்தில் இல்லை. குழியருகே புது மண் மேல் குந்தியிருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். அவர் எப்போது வந்தார் என்று அவளுக்குத் தெரியாது.

"பாதி தப்பு," என்றார் அவர். "பச்சப்புள்ளப் பேச்சு. கேக்கவே எனக்கு உடம்பு கூசிப்போச்சு."

"சரியா இருக்கறதைச் சொல்லிக் குடுங்க சித்தப்பா."

"எதுக்கு? அவதான் வந்து சேர்ந்துட்டாளே." அவர் மண்ணை உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்தார். "தண்ணிகிட்ட நிறுத்தி உள்ளதைச் சொன்னியாமே. உன் தம்பி சொன்னான்."

"ஆமா."

"நான் வந்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன். எனக்கு வார்த்தை எல்லாம் தெரியும். அதைச் சொல்ல வாய் வந்திருக்காது." கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார். "உங்கப்பன் சாகறப்ப என்ன சொன்னான்னு நீ ஒரு நாளும் என்னைக் கேக்கலையே."

"கேக்க வெக்கமா இருந்துச்சு."

அவர் சொன்னார். அவர்கள் பாஷையில் ஒரு தரம், டவுன் பாஷையில் ஒரு தரம். பெரிதாக ஒன்றுமில்லை. ஹாஸ்டலுக்கு அனுப்பியது தப்பு என்றும், அனுப்பாமல் இருந்திருந்தாலும் தப்பாகத்தான் ஆகியிருக்கும் என்றும், மகள் வண்டி ஓட்டுவதைப் பார்க்க ஒரு நாள் அந்த பஸ்ஸில் ஏறவேண்டும் என்று ஆசையாக இருந்தது என்றும் சொல்லியிருக்கிறார்.

அந்த மழைக்காலத்தில் சித்தப்பா போய்விட்டார். வளைவுக்கு எது சரியான வார்த்தை என்று அவரிடம் யாரும் கேட்டு வைக்கவில்லை. வட்டம் போட்டுச் சண்டை போட்ட அந்த இரண்டு கிழவிகளும் அடுத்தடுத்துப் போனதால் அது தீராமலே நின்றது. தலைநகரத்துக் காப்பாளர் ஓய்வு பெறுவதற்கு முன் ஒரு தரம் கூப்பிட்டார். உங்கள் ஜனத்துடையதாக இருக்கலாம் என்று இன்னும் இரண்டு பெட்டிகள் அகப்பட்டிருக்கின்றன, நிச்சயமில்லை, என்றார். அக்கா மறுபடியும் தலைமையாசிரியரிடம் போய் நின்றாள்.

"இன்னொரு பொண்ணா?" என்று கேட்டார் அவர்.

"தெரியல சார். எங்க ஆளுங்களான்னே தெரியல," என்றாள். "இல்லன்னாலும் போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்."